உழைச்செல்வார் நாமாக இருப்போம்



நோய் தீர்வதற்கு நான்கு பேரின் துணை வேண்டும் என்கிறது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து துணை செய்பவர் என்பன அந்த நான்கு. இறுதியில் சொல்லப்பட்டவரை வள்ளுவர் 'உழைச்செல்வான்' என்று குறிப்பிடுகிறார். 'உழை' என்றால் பக்கம்; பக்கத்திலேயே இருப்பவர் என்பது பொருள். மருத்துவருக்குச் சமமாக ஒரு துணையாளையும் எண்ணிய அந்த நுட்பத்தை, பல ஆண்டுகள் வகுப்பறையில் குறள் நடத்திய நான், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்த பிறகே உணர்ந்தேன்.

முன்னோர் கண்ட வழி

ஆலயத்திற்கும் மருத்துவத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தமிழகத்தில் காஞ்சிபுரத்தை அடுத்து, பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்ற ஊர் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று நடந்ததை அது தெரிவிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர் ஆகியோருடன் மூலிகை கொண்டு வருவோருக்கும் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்களுக்கும் அங்கே மானியம் ஒதுக்கப்பட்டிருந்தது. உழைச்செல்வாரை அன்றைய அறக்கட்டளை மறக்கவில்லை.

நம் கிள்ளானுக்கும் ஒரு மருத்துவ வரலாறு உண்டு. 1901ஆம் ஆண்டில் இங்கும், அவ்வாண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்திலும் மலேரியாக் காய்ச்சல் கடுமையாகப் பரவியது. அப்போது மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டியும் புதர்களை அழித்தும் அதனைக் கட்டுப்படுத்தினார். பின்னர்த் தோட்டங்களிலும் இந்த முறை பரவி, பால்மரம் வெட்ட வந்த நம் முன்னோர் பலரின் உயிரைக் காத்தது. தோட்டத்தில் ஒருவர் காய்ச்சலில் விழுந்தால், அடுத்த வீட்டாரே அவரைத் தூக்கிச் சென்று ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். அந்த 'அடுத்த வீட்டார்' இன்று யார் என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி.

நான் பெற்ற கடன்

2019ஆம் ஆண்டு என் துணைவியாருக்குக் கோலாலம்பூரில் இருதய அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. பிள்ளைகள் வெளியூரில் இருந்ததால் நான் தனியாகவே கிள்ளானிலிருந்து ரயிலேறினேன். கே.எல். சென்ட்ரலில் இறங்கி, தித்திவங்சா செல்லும் மோனோரயிலைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பேரங்காடி ஒன்றின் ஊடே செல்ல வேண்டியிருந்தது. கையில் பையும் மருத்துவக் கோப்புமாகத் திகைத்து நின்றேன். "மோனோரயிலுக்கா ஐயா? என் பின்னால் வாங்க" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால், வெள்ளைக் கோல் ஏந்திய பார்வையற்ற அன்பர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பார்வையற்றோர் சங்கம் இருப்பதால் அவர்களுக்கு அந்த வழிகள் மனப்பாடம். கண்ணிருந்தும் வழி தெரியாத என்னை, கண்ணில்லாத அவர் நுழைவாயில் வரை கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அமர்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் கிளந்தானிலிருந்து வந்த ஒரு மலாய் அம்மையார். அவருடைய கணவரும் உள்ளேதான் இருந்தார். தம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவர், என் நெற்றித் திருநீற்றைப் பார்த்ததும் தயங்கினார். பிறகு எழுந்து கீழே சென்று, ரொட்டியும் சூடான மைலோவும் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். நான் காசு கொடுக்க முயன்றபோது, வேண்டாம் என்று தலையை அசைத்தார். மறுவாரம் பழங்கள் வாங்கிக்கொண்டு போனேன். அவர்கள் ஊர் திரும்பிவிட்டிருந்தார்கள். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

என் மனத்தை உறுத்திய ஒன்று

இதனை எழுதும்போது ஒரு தவற்றை மறைப்பது முறையாகாது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன், சிறுநீரகச் சுத்திகரிப்பு செய்துவந்த ஒருவரின் குடும்பத்தார், போக்குவரத்துக்கு உதவி கேட்டு நம் ஆலயத்திற்கு வந்தனர். "கல்வி நிதிக்கும் திருவிழாவுக்கும்தான் விதிமுறையில் இடமுண்டு" என்று பதில் சொன்னவன் நான்தான். மைலோ வாங்கித் தந்த அம்மையார் எந்த விதிமுறையையும் பார்க்கவில்லை. துணைவியார் தேறிய பின் அந்தக் குடும்பத்தைத் தேடிச் சென்றேன். அவர் காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. அவருடைய மனைவி என்னை அமரச் செய்து தேநீர் கொடுத்தார். அதைக் குடிக்க எனக்குத் தொண்டை அடைத்தது.

தேவை எங்கே இருக்கிறது?

அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்கள் செலுத்தும் கட்டணம் மிகக் குறைவு. சிகிச்சையைவிட அங்கே போய் வருவதுதான் பலருக்குச் சுமையாகிறது. சிறுநீரகச் சுத்திகரிப்பு பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நடைபெறும். அப்படியானால் மாதத்தில் சுமார் 12 நாள்கள் போய்வர வேண்டும். உடன் செல்பவருக்கு அத்தனை நாள் கூலி போகிறது. ஆகவே சிலர் தனியாகப் போகிறார்கள். சிலர் தவணையைத் தவறவிடுகிறார்கள். அவ்வாறு தவறவிடுவது உயிருக்கே ஆபத்து.

பயணம் மேற்கொள்வோர் சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டும். பரிந்துரைக் கடிதம், அடையாளக் கார்டு, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். செலவுக்கு வழியில்லையென்றால், பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் உள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவைக் கேட்கத் தயங்காதீர்கள். சொக்சோ சந்தா செலுத்தியவர்கள், சுத்திகரிப்புக்கான உதவி தமக்குக் கிடைக்குமா என்று அந்த அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். உதவி கேட்பது இழுக்கன்று. கேட்க வெட்கப்பட்டுக் காலம் கடத்துவதே கேடு.

நன்றியை எங்கே செலுத்துவது?

திருக்குறளில் விருந்தோம்பல், இனியவை கூறல், செய்ந்நன்றி அறிதல் ஆகிய மூன்று அதிகாரங்களும் அடுத்தடுத்து வருகின்றன. எனக்கு ஒருவர் இன்சொல் சொல்லி வழிகாட்டினார். ஒருவர் உணவு கொடுத்து விருந்தோம்பினார். மூன்றாவதாக உள்ள நன்றியறிதல் என் பங்கு. ஆனால் அவ்விருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கொடுத்தவரிடமே திருப்பிச் செலுத்த முடியாத கடனை, அடுத்து வருபவரிடம்தான் செலுத்த வேண்டும். கோயிலில் வாங்கிய பிரசாதத்தை நாம் பக்கத்தில் நிற்பவருக்குப் பகிர்ந்து தருவது போன்றதே இது.

இந்த எண்ணத்தை நிர்வாகக் குழுவில் நான் முன்வைத்தபோது, மறுத்துப் பேசியவர் எவருமில்லை. இப்போது நம் அன்பர்கள் அறுவர், முறை வைத்துக்கொண்டு தங்கள் வாகனங்களில் நோயாளிகளை அழைத்துச் சென்று வருகின்றனர். இன்னும் பலர் தேவை. வாகனம் இல்லாதவர்கள் உடன் சென்று அமர்ந்திருக்கலாம். மலாய் மொழிப் பாரங்களைப் பூர்த்தி செய்து தரலாம். வீட்டிலுள்ள பிள்ளைகளை ஒரு வேளை பார்த்துக்கொள்ளலாம். இனம், சமயம் பார்த்து உதவ வேண்டாம். எனக்குக் கிடைத்த மைலோவும் அப்படிப் பார்த்து வந்ததன்று.

கோபுரத் திருப்பணிக்கு அள்ளிக் கொடுத்த கைகள் நம்முடையவை. நோயாளியின் கையைப் பற்றி அழைத்துச் செல்வதும் திருப்பணியே. விருப்பமுள்ள அன்பர்கள் வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் ஆலய அலுவலகத்தில் தங்கள் பெயரைப் பதிவு செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நோயற்ற வாழ்வை அருள்வானாக!