கடலைக் காணாத ஆறு

ஆறு என்றால் மலையில் பிறந்து, சமவெளியில் நடந்து, இறுதியில் கடலோடு கலக்க வேண்டும் என்பது நாம் பள்ளிப் பருவத்தில் பயின்ற பாடம். அப்பாடத்திற்கு அடங்காத ஆறு ஒன்று ஆப்பிரிக்காவில் உண்டு. ஒக்கவாங்கோ என்பது அதன் பெயர். அங்கோலா நாட்டின் மேட்டு நிலங்களில் பிறக்கும் இவ்வாறு, கடல் இருக்கும் மேற்குத் திசையை விடுத்துத் தென்கிழக்கே திரும்புகிறது. நமீபியாவின் குறுகிய நிலத்துண்டு ஒன்றைக் கடந்து போட்சுவானாவில் நுழைந்து, கலகாரி மணற்பரப்பில் விசிறிபோல் விரிந்து, அங்கேயே மறைந்துவிடுகிறது. கடல் இல்லாத இந்த டெல்டா, 2014 ஜூன் மாதத்தில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் 1000ஆவது இடமாகச் சேர்க்கப்பட்டது.

நமக்கு நன்கு அறிமுகமான குடும்பம் ஒன்று இந்த டெல்டாவைக் காணச் செல்ல விரும்பிற்று. மகன் போட்சுவானாவின் தலைநகரான கபரோனியில் கணக்கராகப் பணிபுரிகிறார். ஓய்வுபெற்ற ஆசிரியரான தந்தைக்கும் தாய்க்கும் திருமணமாகி நாற்பது ஆண்டுகள் நிறைகின்றன. அவர்களோடு மகளும், எட்டு வயதுப் பேரனும் செல்வதாக ஏற்பாடு. கிறிஸ்து பிறப்பு விழாவை மகனோடு கொண்டாடிவிட்டு, அப்படியே டிசம்பர் இறுதியில் 'சபாரி' போய்விடலாம் என்பது அவர்கள் திட்டம். ஓய்வூதியப் பணத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்தது. இன்னொரு முறை செல்வது நடவாத காரியம். இவ்வாற்றைப் பற்றி நாம் பல ஆண்டுகளாகப் படித்து வருவதை அறிந்திருந்த ஆசிரியர், ஒரு மாலை நம்மிடம் ஆலோசனை கேட்க வந்தார். டிசம்பர் என்றதும் நாம் தயங்கினோம்.

தயக்கத்தின் காரணம் ஆற்றின் இயல்பில் இருக்கிறது. அங்கோலாவின் மேட்டு நிலங்களில் டிசம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். அங்கே பெய்த நீர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்து, ஏப்ரல் வாக்கில் டெல்டாவின் வாயிலான மொகெம்போவில் உச்சத்தை எட்டுகிறது. அதன்பின் அதற்கு அவசரமே இல்லை. டெல்டாவின் தரை ஏறக்குறையத் தட்டையானது. சுமார் 250 கிலோமீட்டர் நீளத்திற்கு மொத்தச் சரிவு 60 மீட்டர் அளவே! ஆகவே நீர் ஓடுவதில்லை, ஊர்கிறது. கோரைகளுக்கிடையே நுழைந்து, பள்ளங்களை நிரப்பி, புல்வெளிகளை மெல்ல மூடி, தென்கோடியில் உள்ள மவுன் என்னும் ஊரை அடைவதற்குள் ஜூன் அல்லது ஜூலை ஆகிவிடுகிறது.

இதில் ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். ஜூன், ஜூலை என்பவை அந்நாட்டில் குளிர்காலம். துளி மழையும் இல்லாத வறண்ட மாதங்கள். சுற்றியுள்ள நிலம் காய்ந்து, குட்டைகள் வற்றி, விலங்குகள் நீரைத் தேடி அலையும் அந்த வேளையில்தான், எங்கோ பெய்த மழை இங்கே வெள்ளமாக வந்து சேர்கிறது. யானைகளும் எருமைகளும் வரிக்குதிரைகளும் அதனை நாடி வருகின்றன. அவற்றின் பின்னே சிங்கமும் சிறுத்தையும் வேட்டை நாய்களும் வருகின்றன.

டிசம்பரில் நிலைமை வேறு. பழைய வெள்ளம் வடிந்து போயிருக்கும். புதிய வெள்ளம் இன்னும் வந்திராது. உள்ளூர் மழை பெய்வதால் எங்கும் சிறு குட்டைகள் நிறைந்து, விலங்குகள் திசைக்கொன்றாய்ப் பிரிந்து போயிருக்கும். மண் பாதைகள் சேறாகும். கொசுவும் மலேரியாவும் மிகும். பறவைகளை விரும்புவோர்க்கு அக்காலம் நல்லதே. புலம்பெயர் பறவைகள் வந்திருக்கும், மான்கள் குட்டி போட்டிருக்கும், காடு பசுமையாக இருக்கும். ஆனால் வாழ்நாளில் ஒருமுறை செல்பவர்களுக்கு நாம் அதைச் சொல்ல மாட்டோம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விலங்குகளைக் கூட்டங்கூட்டமாகக் காணலாம் என்பது உண்மை. எனினும் அக்டோபரில் வெயில் 40 பாகையைத் தாண்டும். முழங்கால் வலியுள்ள ஒரு மூதாட்டியை அவ்வெயிலில் திறந்த வண்டியில் அமர்த்துவது எப்படி?

ஆகவே நாம் சொன்னது மே மாதத்தின் பிற்பகுதி. நம் ஊரில் பள்ளி விடுமுறை, பேரனுக்கும் தடையில்லை. அங்கே மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, விடியற்காலையில் கம்பளி தேவைப்படும் பருவம். வெள்ளம் டெல்டாவின் வடபகுதியில் நன்கு பரவியிருக்கும். கிறிஸ்து பிறப்பு விழாவைக் கைவிட வேண்டுமே என்று அம்மையார் வருந்தினார். ஆசிரியர் அரை மனத்தோடு இசைந்தார்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டியிருந்தது. போட்சுவானாவின் சுற்றுலாக் கொள்கை 1990இல் வகுக்கப்பட்டது. குறைந்த பயணிகள், மிகுந்த கட்டணம் என்பதே அதன் சாரம். காட்டைக் காக்க அது உதவியிருக்கிறது என்பதை மறுக்க இயலாது. ஆனால் டெல்டாவின் நடுவே சிறு விமானத்தில் மட்டுமே அடையக்கூடிய விடுதிகளில் ஓர் இரவு தங்குவதற்கு ஆகும் தொகை, நம் போன்ற குடும்பங்களின் பல மாத வருமானம். அவற்றை நாம் பட்டியலிலிருந்தே நீக்கினோம். அதனால் குறையொன்றும் இல்லை. மொரேமி வனவிலங்குக் காப்பகத்திற்குள் பொதுமக்கள் கூடாரமடித்துத் தங்கும் இடங்கள் உண்டு. மரக்கழிகளை அடுக்கிக் கட்டிய பாலத்தின் அருகே 'மூன்றாம் பாலம்' என்றே பெயர்பெற்ற இடமும் அவற்றுள் ஒன்று. காப்பகத்தின் வடக்கு வாயிலை ஒட்டி ஆற்றங்கரையில் குவாய் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே ஊர் மக்களே அறக்கட்டளை அமைத்து முகாம்களை நடத்துகிறார்கள். இவ்விடங்களுக்குப் பல மாதங்கள் முன்னதாகவே பதிவு செய்துகொள்ள வேண்டும். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியும், மணலில் ஓட்டிப் பழகிய ஓட்டுநரும் இன்றியமையாதவை.

மொரேமியின் வரலாறு அறியத்தக்கது. படாவானா என்னும் பழங்குடியினர், வேட்டையால் விலங்குகள் அருகி வருவதைக் கண்டு, 1963இல் தங்கள் சொந்த நிலத்தையே காப்பகமாக அறிவித்தார்கள். அப்போது தலைவியாக ஆட்சிப் பொறுப்பை வகித்தவர், மறைந்த தலைவர் மூன்றாம் மொரேமியின் துணைவியார். வெள்ளையர் அரசு வந்து வேலி போட்ட கதையன்று இது. ஆயினும் முழுக்கதை அதுவுமன்று. அந்நிலத்தில் தலைமுறைகளாக வேட்டையாடி வாழ்ந்த சான் இன மக்கள் காப்பகத்திற்கு வெளியே குடியேற வேண்டியதாயிற்று. இன்று குவாயில் வாழ்பவர்கள் அவர்களின் வழிவந்தவர்களே. குவாயில் தங்கினால் நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியேனும் அவர்களுக்குச் சேரும் என்பதால், அங்கே மூன்று இரவுகள் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது மொகொரோ. நீண்டு ஒடுங்கிய ஓடம் அது. பெருமரத்தைக் குடைந்து செய்வது பழைய வழக்கம். மரங்களைக் காக்கும் பொருட்டு இப்போது கண்ணாடியிழையில் செய்கிறார்கள். ஓடக்காரர் பின்முனையில் நின்று நீண்ட கழியை ஊன்றித் தள்ள, அல்லி மலர்களுக்கிடையே ஓசையின்றி அது நகரும். பயணிகள் ஏறக்குறைய நீர் மட்டத்திலேயே அமர்ந்திருப்பார்கள். இதில் சிறுவர்களை ஏற்றிச் செல்ல நடத்துநர் பலர் இசைவதில்லை; சில முகாம்களும் குறிப்பிட்ட வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்பதில்லை. முதலையும் நீர்யானையும் வாழும் நீர் ஆதலால், அவ்விதியை மீற வழி தேடுவது தவறு. தந்தையும் மகனும் ஒரு நாள் மொகொரோவில் செல்வது. மற்ற மூவரும் அன்று வண்டியில் சென்று கரையிலிருந்து பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. பேரனுக்கு இது இன்னும் சொல்லப்படவில்லை!

நீர்யானையைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தில் பார்த்தால் சோம்பேறியாகவும் சாதுவாகவும் தோன்றும் அவ்விலங்கு, உண்மையில் மனிதர்களைக் கொல்லக்கூடியது. பகலெல்லாம் நீரில் கிடந்து, இரவில் கரையேறிப் புல் மேயும். அதற்கும் நீருக்கும் இடையே எவரும் நிற்கலாகாது. முகாம்களுக்கு வேலி கிடையாது. இருட்டியபின் கூடாரத்தை விட்டு வெளியே வரக் கூடாது, உணவுப் பொருளைக் கூடாரத்தினுள் வைக்கவும் கூடாது. யோபு நூலின் 40ஆம் அதிகாரத்தில், நாணற்புதரில் மறைந்து கிடக்கும் பெகிமோத்து என்னும் விலங்கை இறைவன் யோபுவுக்குச் சுட்டிக் காட்டுகிறார். அது நீர்யானையே என்பது அறிஞர் பலரின் கருத்து. அதனை அடக்க முயல்வோருக்கு அங்கே கிடைக்கும் பதிலை முகாம் விதிகளோடு சேர்த்துப் படிப்பது நல்லது.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மையார் இடையே ஒரு கேள்வி கேட்டார்: "கடலுக்கும் போகாமல், வயலுக்கும் பாயாமல், இவ்வளவு தண்ணீரும் வீணாகத்தானே போகிறது?"

நல்ல கேள்வி. டெல்டாவில் நுழையும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் வெயிலிலும் செடிகொடிகளின் வழியாகவும் ஆவியாகிவிடுகிறது. அப்படியானால் நீரில் கரைந்து வரும் உப்பெல்லாம் தங்கி, காலப்போக்கில் அவ்விடம் உப்பளமாக அல்லவா மாறியிருக்க வேண்டும்? மாறவில்லை, நீர் இன்றும் நன்னீராகவே இருக்கிறது. அதற்குக் காரணம் கறையான் என்றால் நம்புவீர்களா?

வெள்ளம் வடிந்த சமவெளியில் கறையான் புற்றுக் கட்டுகிறது. அடுத்த வெள்ளத்தில் அப்புற்று மட்டும் நீருக்கு மேலே நிற்கிறது. பறவைகள் அதில் அமர்ந்து விதைகளை விட்டுச் செல்கின்றன, மரம் முளைக்கிறது. மரத்தைச் சுற்றி மண் சேர்ந்து, நாளடைவில் அது ஒரு தீவாகிறது. தீவின் ஓரத்து மரங்கள் வேர்களால் நீரை உறிஞ்சும்போது, சுற்றிலுமுள்ள நீர் நிலத்தடி வழியே தீவை நோக்கி இழுக்கப்படுகிறது. மரம் நீரை எடுத்துக்கொள்ள, உப்பு தீவின் நடுவே மண்ணுக்கடியில் தங்கிவிடுகிறது. அதனால்தான் பல தீவுகளின் நடுப்பகுதியில் மரம் வளர்வதில்லை. உப்பு பூத்த வெற்றுத் தரையே தெரியும். ஆயிரக்கணக்கான தீவுகள் இவ்வாறு உப்பைத் தம்முள் வாங்கிக்கொள்வதால், வாய்க்கால்களின் நீர் யானைக்கும் மீனுக்கும் மனிதருக்கும் குடிநீராக நிலைக்கிறது. குழந்தை மோசேயை இட்ட கூடையை முடைந்ததும் பாப்பிரஸ் கோரையால்தான் என்பர். அதே கோரை இங்கே வாய்க்கால்களை அடைத்து வளர்கிறது. நீர்யானைகளோ இரவுதோறும் நடந்து நடந்து புதிய வழிகளைத் திறந்து விடுகின்றன. அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, கறையானைக் காண முடியுமா என்று மட்டும் கேட்டார்.

வரிக்குதிரைகளின் செய்தியைப் பேரனுக்காகச் சொன்னோம். கால்நடை நோய்த் தடுப்புக்காக 1968இல் எழுப்பப்பட்ட வேலி ஒன்று, டெல்டாவிலிருந்து தென்கிழக்கேயுள்ள மக்காடிக்காடி உப்புவெளிக்கு அவை செல்லும் வழியை மறித்தது. 2004இல் அவ்வேலி அகற்றப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் வரிக்குதிரைகள் மீண்டும் அவ்வழியே செல்வதை ஆராய்ச்சியாளர் கண்டனர். 36 ஆண்டு இடைவெளி என்பது ஒரு வரிக்குதிரையின் ஆயுளைவிட அதிகம். பழைய பாதையை நேரில் அறிந்தது ஒன்றுகூட உயிரோடு இருந்திருக்க முடியாது.

ஆயினும் இந்த நீர் என்றும் வரும் என்பதற்கு உறுதியில்லை. 2019இல் வெள்ளம் மிகவும் குறைந்து போயிற்று. மவுன் அருகே நீர்யானைகள் சேற்றுக் குழம்பில் நெருக்கியடித்துக் கிடந்தன. ஆற்றின் தலைப்பகுதியான அங்கோலா, 1975 முதல் 2002 வரை உள்நாட்டுப் போரில் எரிந்த நாடு. அங்கே விதைக்கப்பட்ட கண்ணிவெடிகள் எத்தனையோ ஏழைகளின் கால்களைப் பறித்தன. வளர்ச்சியை நாடும் அம்மக்களிடம், கீழே யானைகள் குடிக்கட்டும், நீங்கள் அணை கட்டாதீர்கள் என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? அங்கோலா, நமீபியா, போட்சுவானா ஆகிய மூன்று நாடுகளும் 1994இல் ஒரு கூட்டு ஆணையத்தை அமைத்து இதைப் பேசி வருகின்றன. 2021இல் நமீபியப் பகுதியில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது எழுந்த அச்சமும் இன்னும் அடங்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில் தண்ணீரைப் பற்றிக் கூறியவற்றை மீண்டும் எடுத்துப் படித்தோம்.

எஞ்சியவை சிறு காரியங்கள். மலேரியா மாத்திரைக்குப் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் காண வேண்டும். எத்தியோப்பியா, கென்யா போன்ற மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் வழியே விமானம் செல்லுமானால் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை. ஊசி பத்து நாட்கள் முன்னதாகவே போடப்பட்டிருக்க வேண்டும். பேரனின் பிறப்புச் சான்றிதழை மறக்கக் கூடாது. வண்டியில் சாமான் திணிக்க மென்மையான பைகளே ஏற்றவை. கால்நடை வேலிச் சாவடிகளில் இறைச்சியைக் கொண்டுசெல்லத் தடை உண்டு; ஊறுகாய்க்கு இல்லை என்று மகன் எழுதியிருக்கிறார். டெல்டாவுக்குள் செல்லும் முன் ஞாயிற்றுக்கிழமை மவுனில் தங்குவது. அங்கே கத்தோலிக்கப் பங்கு உண்டு. அவ்வூர் அடங்கிய பிரான்சிஸ்டவுன், 2017இல்தான் மறைமாவட்டமாக உயர்த்தப்பட்டது.

பேரன் இப்போதே 'துமேலா ம்மா', 'துமேலா ர்ரா' என்று அந்நாட்டு வணக்கத்தைப் பழகுகிறான். பெண்களுக்கு முன்னது, ஆண்களுக்குப் பின்னது. அந்நாட்டுப் பணத்தின் பெயர் 'புலா'. மழை என்று பொருள். வாழ்த்துச் சொல்லும் அதுவே.

மொகெம்போவில் நீர் எவ்வளவு உயர்ந்தது என்பது ஏப்ரலில் தெரிந்துவிடும். படகில் எத்தனை நாள், வண்டியில் எத்தனை நாள் என்பதை அப்போது முடிவு செய்யலாம். அச்செய்தியை மகன் விசாரித்து எழுத வேண்டும். அம்மையார் சுவரில் தொங்கும் மாதா நாட்காட்டியில் ஏப்ரல் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறார்.