சாயச்சாலை அடுப்புக்குக் காற்று எவ்வழியே?

சாயச்சாலையில் விறகடுப்பை எடுத்துவிட்டுப் பெல்லட் அடுப்பு வைக்கலாமா என்று சங்க அங்கத்தினர்கள் நம்மைக் கேட்பதுண்டு. தாராளமாக வைக்கலாம். நிலக்கடலைத் தோல், மரத்தூள் முதலிய கழிவுகளை இறுக அழுத்திச் சிறு துண்டுகளாக்கிய எரிபொருளே பெல்லட். ஈரம் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத பெல்லட், விறகைக் காட்டிலும் சீராக எரியும், புகையும் குறைவு. கடலை பயிரிடும் அங்கத்தினருக்கும் அதனால் ஒரு வரும்படிக்கு இடமுண்டு. கடலைத் தோல் பெல்லட்டில் சாம்பல் மிகுதி என்பதையும் மறைப்பதற்கில்லை.

நிர்வாகக் குழுவின் முன் வரும் மதிப்பீட்டில் அடுப்பின் விலை இருக்கும், புகைபோக்கியும் இருக்கும். காற்று உள்ளே வரும் வழிக்கு ஒரு வரிகூட இராது. கதவுச் சந்தில் வரும் காற்றுப் போதாதா என்பார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ பெல்லட் எரிய ஏறத்தாழ 5 கன மீட்டர் காற்று வேண்டும். நடைமுறையில் அதுபோல் இருமடங்கு செல்லும். மணிக்கு 5 கிலோ எரித்தால் 50 கன மீட்டர். பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் பத்தடி உயரமும் உள்ள அறையில் அவ்வளவு காற்றே கிடையாது!

ஐப்பசி, கார்த்திகை மழையில் சாளரங்களை அடைத்து, தார்ப்பாய் தொங்கவிட்டு, கொப்பரையின் ஆவி போக எக்ஸாஸ்ட் விசிறியை ஓட்டுகிறார்கள். விசிறி வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தேனும் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வேறு வழியில்லாதபோது அது புகைபோக்கி வழியே இறங்கும். புகையையும் உடன் கொணரும். அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட பிடிப்புடன் பற்றிக்கொள்ளும். கொப்பரையருகே நிற்பவர் தலைவலி, மயக்கம் என்றால், சாயத்தின் நெடி என்று தள்ளிவிடலாகாது. அவரை உடனே வெளியே அழைத்து வரவேண்டும்.

ஆகவே, அடுப்பின் காற்று வாயிலிருந்து சுவரைக் கடந்து வெளியே செல்லும் உலோகக் குழாய் ஒன்று அவசியம். அதன் விட்டம், அடுப்பைச் செய்தவர் குறித்த அளவுக்குக் குறையலாகாது. வெளிவாய் மழைநீர் தேங்கும் மட்டத்துக்கு மேலேயும், புகைபோக்கியின் முனைக்கு எட்டவும் இருக்க வேண்டும். எலி புகாதபடி கம்பிவலை கட்டுக. ஹைட்ரோஸ் டப்பாக்களை அடுப்பருகே வைக்கவே வேண்டாம்; ஈரம் பட்டாலே சூடேறித் தீப்பற்றும் சரக்கு அது.

பெல்லட் அடுப்பில் விசிறியே புகையைத் தள்ளுவதால் குழாய் இணைப்புகள் யாவும் கசிவின்றி அடைபட வேண்டும். சுவரைத் தாண்டியதும் குழாயை நிறுத்திச் செலவை மிச்சப்படுத்தும் யோசனையை நாம் ஏற்பதற்கில்லை. மின்சாரம் நின்று விசிறி ஓய்ந்துவிட்டால், எஞ்சிய நெருப்பின் புகையை மேலே இழுத்துச் செல்வது குழாயின் உயரமே. வளைவுகள் குறைவாக இருத்தல் நன்று. அடியில் சாம்பல் எடுக்க மூடியுள்ள வாய் ஒன்று வைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்க. கதவு, சாளரங்களைச் சாத்தி, எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டு, அடுப்பு எரியும்போது அதன் கதவு விளிம்பிலும் குழாய் இணைப்புகளிலும் ஊதுவத்தியைப் பிடித்துப் பாருங்கள். ஊதுவத்திப் புகை ஓரிடத்தில் வெளிப்புறமாகத் தள்ளப்பட்டால் அங்கே கசிவு உண்டு.

இன்னொன்று. நூல் சிட்டம் உலர்த்தும் இடத்தில் பஞ்சுத்தூசி பறக்காமலிராது; சில வாரங்களில் கம்பிவலையை அது அடைத்துவிடும். வலையைத் துலக்குபவர் யார் என்று சாயச்சாலைப் பதிவேட்டில் பெயர் குறித்து எழுதினாலன்றி அவ்வேலை நடவாது என்பதைத் தணிக்கைதோறும் கண்டு வருகிறோம்.