தரைக்கு மேல் எத்தனை அடி?

2022 செப்டம்பர் கடைசி வாரம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் எந்தத் தொலைக்காட்சியைப் போட்டாலும் ஒரு கூம்புப் படம். 'இயன்' சூறாவளி எந்தப் பக்கம் வரும் என்று காட்டும் படம் அது. கூம்பின் நடு தாம்பா நகரை ஒட்டி இருந்தது. அங்கே 26ஆம் தேதியே தாழ்வான பகுதி மக்களை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். தெற்கே சுமார் 180 கி.மீ. தள்ளி, கூம்பின் ஓரத்தில் இருந்த லீ மாவட்டத்தில் அந்த உத்தரவு 27ஆம் தேதி காலையில்தான் வந்தது.

மறுநாள் பிற்பகல் இயன் கரையேறியது அந்த லீ மாவட்டத்தில்தான். மணிக்கு 240 கி.மீ. வேகக் காற்று. ஃபோர்ட் மயர்ஸ் பீச் ஊருக்குள் 10 முதல் 15 அடி உயரத்துக்குக் கடல் புகுந்தது. ஃபுளோரிடாவில் மட்டும் சுமார் 150 பேர் இறந்தார்கள். வீட்டுக்குள்ளேயே மூழ்கியவர்களும் அதில் உண்டு.

இத்தனைக்கும் வானிலை அறிவிப்பு பொய்க்கவில்லை. கடல் உட்புகும் அபாயம் லீ மாவட்டத்துக்கும் உண்டு என்று மயாமியில் உள்ள தேசிய சூறாவளி மையம் முன்பே எச்சரித்திருந்தது. ஆனால் பார்த்தவர்கள் மனத்தில் நின்றது கூம்பின் நடுக்கோடு.

புயலின் பாதையைக் கணிப்பதில் கிடைத்திருக்கும் முன்னேற்றம் சாதாரணமானதல்ல. 1990 வாக்கில், மூன்று நாள் முன்னதாகச் சொன்ன இடத்துக்கும் புயல் வந்த இடத்துக்கும் சராசரியாக 400 கி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தது. இன்று அது 200 கி.மீ.க்குள் சுருங்கிவிட்டது. செயற்கைக்கோள், கணினியோடு, புயலுக்குள்ளேயே பறக்கும் விமானிகளுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்தில் ஒரு குழாயை விமானத்திலிருந்து போடுகிறார்கள். சின்னப் பாராசூட் விரிய, அது காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி அனுப்பிக்கொண்டே விழுந்து கடலில் மறைகிறது.

புயல் திடீரென்று வலுப்பதைச் சொல்வதுதான் இன்னும் கைக்கு அடங்கவில்லை. 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகாபுல்கோவைத் தாக்கிய 'ஓடிஸ்', 24 மணி நேரத்தில் 185 கி.மீ. வேகம் கூடி, உச்சமான ஐந்தாம் வகைச் சூறாவளியாகக் கரையேறியது. கணினி மாதிரிகள் அதைப் பிடிக்கவில்லை. அங்கே கேட்கவேண்டியது கூடுதல் விமானம், கூடுதல் கடல் அளவீடு.

இயன் கற்றுத்தந்த பாடம் வேறு. முந்தைய ஐந்து ஆண்டுகளின் பிழையை வைத்து, மூன்றில் இரண்டு முறை புயலின் மையம் உள்ளே அடங்கும்படி வரைவதுதான் கூம்பு. மூன்றில் ஒரு முறை மையம் அதற்கு வெளியேயும் போகும். புயலின் அகலத்தை அது காட்டுவதே இல்லை. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகை எண்ணும் காற்றை மட்டுமே அளக்கிறது. நம் துறைமுகத்தில் ஏற்றும் பத்தாம் எண் புயல் கூண்டைப் பார்த்து என்ன செய்வது என்று வீட்டில் இருப்பவருக்கு விளங்காததைப் போலத்தான் இதுவும். ஆனால் உயிரை அதிகம் பறிப்பது காற்றல்ல: 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் அட்லாண்டிக் புயல்கள் நேரடியாகப் பறித்த உயிர்களில் பத்தில் ஒன்பது தண்ணீரால் போனவை.

இதை உணர்ந்துதான் 2017 முதல் கடல் உட்புகுதலுக்கென்றே தனி எச்சரிக்கை தருகிறார்கள். கடல் மட்டுமல்ல, மழையும் கொல்லும்: 2024இல் 'ஹெலீன்' சூறாவளி கொட்டிய மழை, கடலுக்கு வெகுதொலைவில் உள்ள வட கரோலினா மலையூர்களில் பலரைக் கொன்றது. அந்த ஆண்டுதான் உள்நாட்டு மாவட்டங்களின் புயல் எச்சரிக்கைகளையும் சேர்த்த கூம்புப் படத்தைச் சோதனையாக வெளியிடத் தொடங்கியிருந்தார்கள்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இன்னொரு சிறு மாற்றம். முன்பு கடல் எழும் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டுச் சொல்வார்கள். இப்போது 'தரைக்கு மேல் இத்தனை அடி' என்கிறார்கள். கடல்மட்டம் எங்கே என்று யாருக்குத் தெரியும்? தரைக்கு மேல் 12 அடி என்றால், கூடத்தில் நிற்கும் பாட்டி அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டு மூட்டை கட்டத் தொடங்குவார். அந்த வாக்கியம் கூம்புக்கு முன்னால் அவர் காதில் விழவேண்டும்; கிளம்புவதற்குப் பகல் வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே விழவேண்டும்.