பேசாத பிள்ளைக்கும் காப்பீடு வேண்டும்!

பிள்ளை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்கிறோம். ஏழாம் நாள் நல்ல பெயர் சூட்டி, அகீகா கொடுத்து மகிழ்கிறோம். ஆனால், இரண்டு வயதாகியும் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத பிள்ளைகள் சில இல்லங்களில் உண்டு. உம்மாவின் கண்ணை அவை நோக்குவதில்லை. வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. ஒரே விளையாட்டுப் பொருளை மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டிருக்கும். காது நன்றாகக் கேட்கும். ஆயினும் பேச்சு வாராது.

இந்நிலையை மருத்துவர்கள் ‘ஆட்டிசம்’ என்கின்றனர். அரசுத் தாள்களில் ‘புற உலகச் சிந்தனையற்ற நிலை’ என்று குறிக்கப்படுவதும் இதுவே. மூளை வளரும் முறையில் பிறவியிலேயே அமைந்த வேறுபாடு இது. வளர்ப்பின் குற்றமன்று, தாயின் குற்றமுமன்று, தடுப்பூசியால் வந்ததுமன்று. ‘ஜின் பிடித்திருக்கிறது’ என்று தாயத்துக்கும் ஓதிப் பார்ப்பதற்கும் அலைந்து, பிள்ளையின் பொன்னான முதல் ஆண்டுகளை இழந்துவிட்ட பெற்றோர் நம்மிடையே உள்ளனர். துஆ கேட்பது நம் கடமை. மருத்துவம் தேடுவதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியே அன்றோ!

மாத்திரையன்று, பயிற்சியே மருந்து

ஆட்டிசத்தை அடியோடு நீக்கும் மருந்து எதுவும் இல்லை. பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவையே பிள்ளையை முன்னேற்றும். இவற்றை இளமையிலேயே தொடங்க வேண்டும். வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும்.

இதற்கு ஆகும் செலவைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு முறைக்கு 500 ரூபாய், வாரத்தில் மூன்று முறை என்று வைத்துக்கொண்டால் மாதத்திற்கு 6,000 ரூபாய். ஆண்டுக்கு 72,000 ரூபாய். கடையம், ரவணசமுத்திரம், பொட்டல்புதூர் வட்டாரத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் தாய் இதை எங்ஙனம் தாங்குவாள்? வளைகுடா நாட்டில் வெயிலில் உழைத்துப் பணம் அனுப்பும் வாப்பாவுக்கும் இது எளிதன்று. பயிற்சிக்காகத் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ பிள்ளையை அழைத்துச் செல்லும் நாள்களில் தாயின் கூலியும் போய்விடுகிறது.

காப்பீடு இருந்தும் கை கொடுப்பதில்லை

‘மருத்துவக் காப்பீடு இருக்கிறதே!’ என்று கேட்கலாம். சிக்கலே அங்குதான் இருக்கிறது. நம் நாட்டுக் காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுக்கை பிடித்துச் சேர்ந்தவருக்கே பணம் தருகின்றன. ஆட்டிசப் பிள்ளையோ மருத்துவமனையில் படுப்பதில்லை. பயிற்சி பெற்றுக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறது. ஆகவே காப்பீட்டு அட்டை பெட்டியிலேயே உறங்குகிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்து, பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மேலே கண்ட பயிற்சிச் செலவோ அத்தகைய குடும்பத்தின் வருவாயில் பாதிக்கும் மேலாகிறது. அறுவை மருத்துவத்திற்கு இலட்சக்கணக்கில் வழங்கும் அத்திட்டம், வாராவாரம் நடக்கும் பேச்சுப் பயிற்சியை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டதன்று.

சட்டங்கள் சொல்வது என்ன?

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி ஏற்றது. அதன் கீழ் 2008-இல் தொடங்கிய ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை தருகிறது. வயது வரம்பும் முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனையும் இல்லை. புறநோயாளிச் செலவுக்கும் பயிற்சிக்கும் அதில் இடமுண்டு. ஆயினும், பயிற்சிக்கென உள்ளே தனி உச்சவரம்பு வைத்திருப்பதால் நீண்ட காலப் பயிற்சிக்கு அது போதுவதில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்தது. ஆனால், அதன் 26-ஆம் பிரிவு பேசும் காப்பீடு, பணியிலிருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு உரியது. பள்ளிக்கும் போகாத பிள்ளை பணிக்கு எங்கே போவது? 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், உடல் நோய்க்கு உள்ளதைப் போன்றே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. ஆட்டிசமோ மனநோயன்று, வளர்ச்சிக் குறைபாடு. இவ்வாறு சட்டங்களின் இடைவெளியில் நம் பிள்ளை விழுந்துவிடுகிறது. 2023-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிக் காப்பீடு வழங்குமாறு நிறுவனங்களைப் பணித்தது. நல்ல தொடக்கம்தான். பயிற்சிக்கும் பணம் உண்டு என்று சட்டமே தெளிவாகச் சொன்னாலன்றி அது நிறைவு பெறாது.

இது நடவாத காரியமன்று. அமெரிக்காவில் இந்தியானா மாநிலம் 2001-இல் இத்தகைய சட்டத்தை இயற்றியது. பெற்றோர்கள் மாநிலம் மாநிலமாகச் சட்டமன்றக் கதவுகளைத் தட்டினர். 2019-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் ஏதேனும் ஒரு வகையில் இக்கடமை காப்பீட்டு நிறுவனங்கள் மீது சுமத்தப்பட்டுவிட்டது.

மார்க்கம் காட்டும் வழி

வணிகக் காப்பீடு கூடுமா, கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. மலேசியா 1984-லேயே தக்காஃபுல் சட்டம் கொண்டுவந்து, ஒருவருக்கொருவர் உதவும் முறையில் காப்பீட்டை அமைத்துக்கொண்டது. நோயாளியின் செலவைச் சமுதாயமே ஏற்பது நமக்குப் புதிதன்று. 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் அமைத்த மன்சூரி மருத்துவமனை வக்ஃபு வருவாயிலேயே நடைபெற்று, ஏழை, செல்வர் என்று பாராமல் மருத்துவம் அளித்தது.

நம் மண்ணிலும் சான்று உண்டு. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், விபத்தினால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அதன் பணியாளர்கள் கிராமங்களுக்கே சென்று, வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கின்றனர். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தொண்டு நிறுவனம் வழி காட்டலாம்; நாடு முழுதும் சுமக்க அரசால்தான் இயலும்.

நாம் செய்ய வேண்டியவை

ஐயம் தோன்றியவுடன் பிள்ளையை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மாற்றுத்திறனாளிச் சான்றும் அடையாள அட்டையும் பெற்று, நிராமயாவில் பதிவு செய்யுங்கள். ஜமாஅத்துகள் ஜும்ஆ மேடையில் இதனை எடுத்துச் சொல்லட்டும். பைத்துல்மாலிலிருந்து ஏழைப் பிள்ளையின் பயிற்சிக்குப் பங்களிக்கட்டும். அத்துடன், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் மஹல்லாதோறும் மனு அளிப்போம். காப்பீட்டுச் சட்டத்தில் ஆட்டிசம் பெயரோடு இடம்பெற வேண்டும். படுக்கையில் சேர வேண்டும் என்ற நிபந்தனையின்றிப் பயிற்சிக்குப் பணம் தர வேண்டும். முதலமைச்சர் திட்டத்திலும் இது சேர வேண்டும். இம்மூன்றே நம் கோரிக்கை.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். வாய் திறந்து கேட்க இயலாத பிள்ளைக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாமே. வல்ல அல்லாஹ் அதற்கான துணிவையும் ஒற்றுமையையும் நமக்கு அருள்வானாக! ஆமீன்.