இரைப்பைச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் தறிக்கும் வயலுக்கும்

உடலுழைப்பையே முதலாகக் கொண்டு வாழும் நம் சங்க உறுப்பினர்கள் நோய்வாய்ப்படும்போது இருவகை இழப்பு நேர்கின்றது. மருந்துச் செலவு ஒன்று; வேலையின்றிக் கழியும் நாட்கள் மற்றொன்று. முன்னதைக் கணக்கிடுவோர் பலர். பின்னதை முன்கூட்டியே கணக்கிடுவோர் சிலரே. மிகைப் பருமனைக் குறைப்பதற்காகச் செய்யப்படும் இரைப்பை அறுவைச் சிகிச்சையில் இந்த இரண்டாவது கணக்கே பெரிது.

உழைப்பாளிக்கும் பருமன் நோய் வருமோ என்று சிலர் ஐயுறலாம். நாள் முழுதும் ஓரிடத்தில் அமர்ந்து நெய்பவருக்கும், மோட்டாரும் டிராக்டரும் வந்தபின் நடை குறைந்துவிட்ட குடியானவருக்கும் அது வரவே செய்கின்றது. அதன் பின்னே நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் மூட்டு வலியும் வருகின்றன. உணவுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் குணம் காணாதவர்களுக்கே மருத்துவர்கள் இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றனர்.

சிகிச்சையின் தன்மை

1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாவைச் சேர்ந்த மருத்துவர்கள் மேசனும் இட்டோவும், இரைப்பையின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு உணவு சிறுகுடலுக்கு நேரே செல்லுமாறு செய்யும் முறையை வெளியிட்டனர். இன்று பெரிதும் கையாளப்படும் முறைகள் இரண்டு. ஒன்று, அந்த மாற்றுவழி முறை. மற்றொன்று, இரைப்பையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் நீக்கிவிட்டு, எஞ்சியதைக் குழாய் போல் அமைத்துவிடும் முறை. சிறு துளைகள் வழியே செய்யப்படுவதால் புறக்காயம் விரைவில் ஆறிவிடுகின்றது. காயம் ஆறியதைக் கண்டு உடலும் தேறிவிட்டதாக எண்ணிவிடுவதே பலர் செய்யும் பிழை.

பொதுவாழ்வில் உள்ளோரும் இச்சிகிச்சையைப் பெற்றிருக்கின்றனர். திரு. நிதின் கட்கரி அவர்கள் 2011-ஆம் ஆண்டில் இதனைச் செய்துகொண்டார். மறைந்த திரு. அருண் ஜேட்லி அவர்கள் நிதியமைச்சராயிருந்தபோது, நீரிழிவின் பொருட்டு 2014 செப்டம்பரில் இச்சிகிச்சை பெற்றார். அம்மாத இறுதியிலேயே மறுபடியும் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. பின்னர்த் தேறி, 2015 பிப்ரவரி 28-இல் நாட்டின் வரவு செலவுத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் சமர்ப்பித்தார். மேசைப் பணி உடையவருக்கே இடையில் ஒரு தடை நேர்ந்ததெனில், குழித்தறியில் இறங்கி மிதிப்பவரும் கரும்புக் கட்டைத் தலையில் தூக்குபவரும் எத்துணை எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்!

களைப்பு ஏன் வருகின்றது?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் முதற்சில வாரங்களில் ‘எழுந்து நிற்கவும் வலுவில்லை’ என்பார். இது சோம்பல் அன்று. தொடக்கத்தில் நீராகாரமும், பின்னர்க் கூழ் போன்ற உணவுமே சில மிடறுகளாக உட்செல்கின்றன. உடல் தன் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கின்றது. கொழுப்பு மட்டும் கரைந்தால் நன்று. புரதம் போதாவிடில் தசையும் சேர்ந்து கரைகின்றது. முதலையே எடுத்து உண்ணும் சங்கம் நெடுநாள் நடவாது; உடலும் அத்தகையதே.

நீர்க்குறைவு மற்றொரு காரணம். முன்போல் ஒரு செம்பு நீரை ஒரே மூச்சில் அருந்த இயலாது. ஆகவே நாளெல்லாம் சிறுகச் சிறுக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை பருகுதல் வேண்டும். உணவோடு சேர்த்துப் பருகாமல், உண்டு அரைமணி நேரம் கழித்துப் பருகுதல் நலம். இரத்தசோகையும் உயிர்ச்சத்துக் குறைவும் மெல்ல மெல்ல வந்து, சில மாதங்கள் கழிந்தபின் தம்மைக் காட்டுவன.

வடக்கனந்தல், கச்சிராயபாளையம் வட்டாரத்தார்க்குத் தனியே கூறவேண்டுவது ஒன்றுண்டு. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைச் சுற்றிக் கரும்பு விளையும் ஊர்கள் இவை. களைப்பு என்றவுடன் கரும்புச்சாறோ வெல்லப் பானகமோ கொடுப்பது நம் வழக்கம். இச்சிகிச்சை பெற்றவருக்கு, சிறப்பாக மாற்றுவழி முறையில் பெற்றவருக்கு, அது தீங்கு செய்யும். இனிப்பு குடலில் விரைந்து இறங்குவதால் வியர்வை, படபடப்பு, வயிற்றுவலி, மயக்கம் ஆகியவை தோன்றும். மரவள்ளிக் கிழங்கும் மாச்சத்தே மிகுந்தது. வயிற்றை நிரப்புமேயன்றித் தசையை வளர்க்காது.

புரதக் கணக்கு

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்பது மருத்துவர் கூற்று. கெட்டி உணவு உண்ணும் நிலை வந்தபின் இதனை நம் வீட்டுப் பொருள்களாலேயே ஈட்டலாம். முட்டை இரண்டில் ஏறக்குறைய 12 கிராம். பால் அரை லிட்டரில் 15. மீன் 100 கிராமில் 20. பருப்பு 30 கிராமில் 7. தயிர் 200 கிராமில் 6. கூட்டினால் 60 ஆகின்றது. புலால் உண்ணாதார் மீனுக்கு ஈடாகப் பன்னீரும் சோயாவும் கொள்ளலாம். இவையனைத்தையும் ஐந்தாறு வேளையாகப் பகுத்து, நன்கு மென்று உண்ணுதல் வேண்டும். தட்டில் முதலில் புரதம், பின்னர்க் காய்கறி, இடமிருந்தால் சோறு என்பதே முறை. சோற்றைக் குவித்துக் குழம்பை ஊற்றும் நம் பழக்கத்திற்கு இது நேர்மாறானது. ஆதலின் வீட்டில் சமைப்போரும் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

மாத்திரைகளில் கவனம்

உயிர்ச்சத்து, இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் ஆயுள் முழுதும் தேவைப்படலாம். உடல் தேறியது என்று தாமே நிறுத்திவிடலாகாது. இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் ஒருங்கே விழுங்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுதல் வேண்டும். இரும்புச் சத்து மாத்திரைக்கு முன்னும் பின்னும் தேநீர் அருந்தினால் அதன் பயன் குறையும்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் பலருக்கு வீடு தேடி வருகின்றன. இது பெரும் உதவி. ஆனால் சிகிச்சைக்குப் பின் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் விரைவில் தணிவதால் பழைய அளவு மிகையாகிவிடும். பழைய அளவையே உண்டு மயங்கி விழுபவர், தறியிலிருந்தும் கிணற்று மேட்டிலிருந்தும் விழக்கூடும். ஆகவே மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடம் சிகிச்சையைப் பற்றிக் கூறி, மருத்துவர் எழுதித் தந்த புதிய அளவைக் காட்டுதல் வேண்டும்.

இரத்தப் பரிசோதனையை மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும், பின் ஆண்டுதோறும் செய்துகொள்வது வழக்கம். 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி இப்போது அருகிலிருப்பதால், சோதனைக்காகச் சென்னைக்கோ சேலத்திற்கோ செல்லும் தேவை குறைந்துள்ளது. இடைவிடாத வாந்தி, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

வேலைக்குத் திரும்பும் படிகள்

சிகிச்சை பெற்றவர் முதல் நாளிலிருந்தே நடக்கவேண்டும். வீட்டுக்குள் தொடங்கி, தெருக்கோடி வரை, பின் வாய்க்கால் கரை வரை என நாளுக்கு நாள் நீட்டலாம். அமர்ந்து செய்யும் மெல்லிய பணிக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் திரும்பலாம். பாரம் தூக்கும் பணிக்கு ஆறு வாரமேனும் பொறுத்தல் வேண்டும் என்பது பொதுவிதி.

இதனை நம் தொழில்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். நெசவாளர் நான்காம் வாரத்தில் தார் சுற்றுதல், நூல் பிரித்தல் முதலியவற்றை அரைமணி அளவில் தொடங்கலாம். பலகையை இழுத்து அடிப்பதும் மிதியை மிதிப்பதும் வயிற்றுத் தசையை வருத்துவன. ஆகவே ஆறு வாரம் கழித்து, மருத்துவர் இசைவுடன், காலை ஒருமணியும் மாலை ஒருமணியும் அமர்ந்து, வாரந்தோறும் கூட்டுக. குடியானவர் மூன்றாம் வாரத்திற்குப் பின் தண்ணீர் பாய்வதை மேற்பார்வையிடலாம். மரவள்ளி பிடுங்குவதும் கரும்புக் கட்டு ஏற்றுவதும் மூன்று மாதங்கள் பொறுத்தல் நலம். முன்னதாகச் செய்து குடலிறக்கம் வந்தால் மறுபடியும் அறுவைதான். எடை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை குறைந்துகொண்டே வரும். அக்காலத்தில் மூன்று மாதம் கடந்து முடி உதிர்வதும் உண்டு. பெரும்பாலும் மறுபடி வளர்ந்துவிடும். பெண் உறுப்பினர்கள் அக்காலம் முடியும்வரை கருவுறுதலைத் தள்ளிவைப்பது நன்று.

சங்கம் செய்யத்தக்கவை

உறுப்பினர் ஒருவர் அவசரப்பட்டுத் தறியேறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆசையன்று, தவணையே. சங்க நிர்வாகக் குழுவினர் மனம் வைத்தால் சில உதவிகள் செய்யலாம். நூல் வழங்கும்போது துணி திருப்பும் காலத்தைச் சற்று நீட்டலாம். துணி மடித்தல், முத்திரையிடல், விற்பனை நிலையக் கணக்கு முதலிய பணிகளைச் சில வாரங்களுக்கு அவருக்கு ஒதுக்கலாம். துணைவிதிகள் இடந்தருமளவு கடன் தவணையை மாற்றி அமைக்கலாம். இதனால் சங்கத்திற்கு நட்டமில்லை. மூன்று மாதம் பொறுத்துத் திரும்பும் உறுப்பினர் பல்லாண்டு நெய்வார். மூன்றே வாரத்தில் திரும்பியவர் ஆறு மாதம் படுக்க நேரலாம்.

சிகிச்சைக்குச் செல்லுமுன் உறுப்பினர் செய்யவேண்டுவனவும் உள. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமக்குப் பொருந்துமா என்று கேட்டறிதல். மூன்று மாதக் குடும்பச் செலவுக்கு வழி வகுத்தல். தறியையோ வயலையோ கவனிக்க ஒருவரை ஏற்பாடு செய்தல். அதிகப் பழக்கமுள்ள மருத்துவரையே நாடுதல் என்பன அவை. 2024-ஆம் ஆண்டில் சென்னைப் புறநகரில் இச்சிகிச்சைக்குச் சென்ற ஓர் இளைஞர் உயிரிழந்த செய்தி நாடறிந்தது. ஆகவே விளம்பரத்தைக் கண்டு இதில் இறங்குதல் தகாது.

அறுவை செய்வது மருத்துவர் வேலை. அதன்பின் தேறும் வேலை நோயாளி, வீட்டார், சங்கத்தார் ஆகிய மூவருக்கும் உரியது. அக்கம்பக்கத்தார்க்கும் அதில் ஒரு பங்குண்டு: களைத்து அமர்ந்திருப்பவரைச் சோம்பேறி என்று சொல்லாதிருத்தல்.