மனச்சோர்வுக் குளிசை அளவுக்கு மிஞ்சினால்

ஊர் திரும்பும் உங்களில் சிலரின் பையில் மனநலக் கிளினிக்கில் தந்த குளிசைகளும் இருக்கும். மனச்சோர்வுக்கும் நாட்பட்ட நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் அமிற்றிப்டிலின் அவற்றில் ஒன்று. வைத்தியர் சொன்ன அளவில் எடுத்தால் நல்ல மருந்து. அளவு மிஞ்சினால் இருதயத்தையும் மூளையையும் தாக்கும். தவறிக் கூட எடுத்தாலும், சின்னப்பிள்ளை விழுங்கினாலும், மனம் நொந்த ஒருவர் வேண்டுமென்றே எடுத்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். சிறு பிள்ளைக்கு ஓரிரு குளிசையே ஆபத்தாகலாம்.

குளிசை எடுத்தவர் தொடக்கத்தில் எழும்பி நடப்பார், கதைப்பார், "எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கோ" என்பார். அதை நம்பி, படுத்தெழும்பினால் சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள். மருந்து இரத்தத்தில் சேர்ந்ததும் நிலைமை சடுதியாக மாறும். வாய் வறளும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும், பேச்சுக் குழறும், ஆட்களைத் தெரியாமல் பிதற்றுவார். அதன்பின் மயக்கமும் வலிப்பும் வரலாம். இருதயத் துடிப்பே குழம்பலாம். பெரும்பாலும் முதல் 6 மணித்தியாலத்துக்குள் இவை தோன்றிவிடும். இந்த அறிகுறிகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

புளுவொக்சற்றீன், சேர்ட்ரலின் போன்றவை இந்தளவு ஆபத்தானவை அல்ல. என்றாலும் வேறு மருந்துகளோடு சேர்ந்தால் நடுக்கம், கடும் வியர்வை, காய்ச்சல், தசை இறுக்கம் ஏற்படலாம். அவரையும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வரப் பிந்துமென்றால் ஓட்டோவிலாவது புறப்படுங்கள். உப்புத்தண்ணீர் பருக்கியோ தொண்டையில் விரல் விட்டோ சத்தி எடுக்கப் பண்ணாதீர்கள். மயங்கும் நேரத்தில் சத்தி சுவாசப்பைக்குள் போய்விடும். பால், இளநீர் எதுவும் வேண்டாம். மயங்கினால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தால் வாய்க்குள் கரண்டி வைக்கவோ, கையில் இரும்பு கொடுக்கவோ வேண்டாம். தலை அடிபடாமல் பார்த்தால் போதும்.

வெறும் குளிசை மட்டையையும் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை குளிசை, எத்தனை மணிக்கு என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பொலிஸ் பிரச்சினை வரும் என்று பயந்து "காய்ச்சல்" என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல. பொய் சொன்னால் சிகிச்சைதான் பிந்தும்.

வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்து இருதயத்தைக் கவனிப்பார்கள். நேரத்தோடு போனால் மருந்தை உறிஞ்சும் கரித்தூள் கொடுக்கக்கூடும். இருதயம் பாதிக்கப்பட்டிருந்தால் சோடியம் பைகாபனேற்றை நாளத்தினூடாக ஏற்றுவார்கள். வீட்டில் அப்பச்சோடா கரைத்துக் கொடுப்பது அதற்கு ஈடாகாது. ஆள் தெளிந்துவிட்டார் என்று பாதியில் துண்டு வெட்டிக் கூட்டி வராதீர்கள்.

இதை வாசித்துப் பயந்து மருந்தை நிறுத்திவிட வேண்டாம்; திடீரென நிறுத்துவதும் கெடுதல். தற்காலிகக் கொட்டிலில் அலுமாரி இராது. பூட்டுள்ள பெட்டியொன்றில் வையுங்கள், திறப்பு பொறுப்பான ஒருவரிடம் இருக்கட்டும். மனம் மிகச் சோர்ந்திருப்பவருக்கு ஒரு மாத மருந்தை ஒன்றாகத் தராமல் கிழமைக்குக் கிழமை தரும்படி கிளினிக்கில் கேட்கலாம். மிஞ்சிய பழைய குளிசைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "இருந்தென்ன பயன்" என்று வீட்டில் யாராவது சொல்லத் தொடங்கினால் அவரைத் தனியே விடாமல், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழையுங்கள்.