கொடுத்தனுப்பிய மோதிரம்

தாம்பரத்திலிருந்து பீச் ரயிலில் போகிறவர்களுக்குப் பழவந்தாங்கல் வந்தாலே நங்கநல்லூர் ஆஞ்சநேயர் ஞாபகம் வரும், இல்லையா? சீதையைத் தேடிக் கிளம்பிய அவரிடம் ராமர் என்ன கொடுத்தனுப்பினார், சொல்லுங்கள் பார்ப்போம்! மந்திர வாளா? மாயக் கம்பளமா? அதெல்லாம் இல்லீங்க, ஒரு கணையாழி. விரலில் கிடந்த மோதிரம்!

நாலு திசைக்கும் ஆள் போனாலும், அது கிடைத்தது அனுமனுக்கு மட்டும்தான். சண்டைக்கு உதவாதுதான். ஆனால், சந்நியாசி வேஷத்தில் வந்த ராவணனிடம் ஏற்கெனவே ஏமாந்த சீதை, திடீரென்று எதிரே வந்து நிற்கிற வானரத்தை எப்படி நம்புவாள்? மோதிரம்தான் சாட்சி சொன்னது.

அவளும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. துணியில் முடிந்து வைத்திருந்த சூடாமணியை அவிழ்த்துக் கொடுத்தாள். கல்யாணத்தில் அப்பா ஜனகர் போட்ட நகையாம் அது!